காலின் சாப்மன்

காலின் சாப்மன் (மே 19, 1928 – டிசம்பர் 16, 1982) இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர், பந்தயத் தானுந்து வடிவமைப்பாளர், தொழில் முனைவோர் ஆவார். இவரது முழுப்பெயர் ஆந்தனி காலின் புரூஸ் சாப்மன். லோட்டஸ் தானுந்து நிறுவனத்தையும் லோட்டஸ் பந்தய அணியையும் தோற்றுவித்தவர் இவரே. வீட்டுக் கொட்டகையில் பழைய கார் ஒன்றைப் பிரித்துத் தம் கையாலேயே பந்தய ஊர்தியாகக் கட்டியதிலிருந்து இவரது பணி தொடங்கியது. பின்னர் இவரது அணி பார்முலா 1 பந்தயங்களில் 6 முறை ஓட்டுநர் வாகையர் பட்டத்தையும் 7 முறை கட்டமைப்பாளர் வாகையர் பட்டத்தையும் வென்றது.

உந்துபொறியின் திறனைக் கூட்டுவதைவிட ஊர்தியின் எடையைக் குறைப்பதே வேகத்துக்குச் சிறந்த வழி என்பது சாப்மனின் அடிப்படைக் கொள்கை. தேவையற்ற உறுப்பை நீக்குதல், நீக்க முடியாத உறுப்பை இலேசாக்குதல், ஒரே உறுப்பை இரண்டு வேலைகளுக்குப் பயன்படுத்துதல் ஆகிய மூன்றையும் இவர் அடிச்சட்டம் முதல் கதவுக் கண்ணாடி வரை கடைப்பிடித்தார். இக்கொள்கை பந்தயத் தானுந்துகளின் அமைப்பையே மாற்றியது. இவரது ஊர்திகள் உடையக்கூடியவை என்ற குற்றச்சாட்டும் இவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

இளமையும் கல்வியும்

சாப்மன் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் உள்ள ரிச்மண்டில் பிறந்தார். இவரது தந்தை வட இலண்டனில் உள்ள ஹார்ன்சி என்னும் இடத்தில் ரயில்வே ஓட்டல் என்ற விடுதியை நடத்தி வந்தார். சாப்மன் வளர்ந்தது அங்கேதான். 1945 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்து கட்டமைப்புப் பொறியியல் பயின்றார். பல்கலைக்கழக வான்படைப் பிரிவில் சேர்ந்து வானூர்தி ஓட்டவும் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் இவர் வடிவமைத்த தானுந்துகளில் வானூர்திக் கட்டமைப்பின் தாக்கம் வெளிப்படையாகத் தெரிகிறது.

மாணவராக இருந்தபோதே நண்பர் ஒருவருடன் சேர்ந்து பழைய கார்களை வாங்கி விற்கும் தொழிலில் ஈடுபட்டார். 1947 இன் இறுதியில் பிரித்தானிய அரசு பொதுமக்களுக்கான அடிப்படைப் பெட்ரோல் பங்கீட்டை நிறுத்தியது. பழைய கார்களின் விலை வீழ்ந்து தொழில் முடங்கியது. விற்க முடியாமல் எஞ்சிய ஆஸ்டின் 7 கார் ஒன்று சாப்மனிடம் தங்கிவிட்டது. இந்தக் கார்தான் முதல் லோட்டஸ் ஆனது.

கல்லூரி இறுதித் தேர்வில் கணிதத் தாளில் தோல்வியுற்ற சாப்மன், அத்தாளை மீண்டும் எழுதி 1949 இல் பட்டம் பெற்றார். இடையில் பிரித்தானிய வான்படையில் சிறிது காலம் பணியாற்றினார். பின்னர் பிரிட்டிஷ் அலுமினியம் நிறுவனத்தில் சேர்ந்தார். கட்டடங்களில் அலுமினியத்தைக் கட்டமைப்புப் பொருளாகப் பயன்படுத்தலாம் என்பதைப் பொறியாளர்களுக்கு எடுத்துரைப்பது அங்கு இவரது வேலையாக இருந்தது.

வீட்டில் கட்டிய முதல் தானுந்து

1948 இல் சாப்மன், பின்னாளில் தம் மனைவியான ஹேசல் வில்லியம்சின் பெற்றோர் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் ஆஸ்டின் 7 காரைப் பிரிக்கத் தொடங்கினார். இவ்வீடு இலண்டனின் மசுவெல் ஹில் பகுதியில் இருந்தது. காரின் பழைய உடற்கூடு முழுவதும் நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக அலுமினியத் தகடு ஒட்டிய ஒட்டுப்பலகையால் புதிய உடற்கூடு ஒன்று செய்யப்பட்டது. வழக்கமான கார்களில் உடற்கூடு மழையையும் தூசியையும் தடுக்கும் உறை மட்டுமே. சாப்மன் கட்டிய உடற்கூடோ, குறுக்குத் தடுப்புப் பலகைகளுடன் இணைந்து அடிச்சட்டத்துக்கு விறைப்பும் அளித்தது. வானூர்தியின் உடற்பகுதியில் தகடே சுமையைத் தாங்குவது போன்ற அமைப்பு இது. எடை குறைந்தபோதே வலுவும் கூடியது.

லோட்டஸ் மார்க் 1 எனப் பின்னர் அழைக்கப்பட்ட இந்த ஊர்தியைச் சேற்று மேடுகளில் ஏறும் சோதனைப் போட்டிகளில் சாப்மனும் ஹேசலும் ஓட்டினர். தாமரை எனப் பொருள்படும் லோட்டஸ் என்ற பெயரைச் சாப்மன் அதன்பின் தம் எல்லா ஊர்திகளுக்கும் சூட்டினார். நிறுவனச் சின்னத்தில் இவரது பெயரின் நான்கு முதலெழுத்துகளும் பின்னிக் கிடப்பதைக் காணலாம்.

1951 இல் 750 பார்முலா எனப்படும் குறைந்த செலவுப் பந்தயப் பிரிவுக்காக மார்க் 3 ஊர்தியைக் கட்டினார். இப்பிரிவில் எல்லோரும் 747 கன செ.மீ. கொள்ளளவுடைய ஆஸ்டின் 7 உந்துபொறியையே பயன்படுத்த வேண்டும். அவ்வுந்துபொறியில் இரண்டிரண்டு உருளைகளுக்கு ஒரே காற்று நுழைவாய் இருந்தது. சாப்மன் உள்ளே தடுப்பு ஒன்றை வைத்து ஒவ்வோர் உருளையும் தனித்தனியே காற்றை இழுக்குமாறு செய்தார். மார்க் 3 பெற்ற வெற்றிகளைக் கண்ட அமைப்பாளர்கள் அடுத்து அந்த முறையைத் தடை செய்தனர். விதியின் இடுக்குகளைக் கண்டுபிடிப்பதும் பின்னர் அவை அடைக்கப்படுவதும் இவரது வாழ்க்கையில் பலமுறை நிகழ்ந்தன.

லோட்டஸ் நிறுவனம்

1952 இல் லோட்டஸ் பொறியியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஹேசல் கடனாகக் கொடுத்த 25 பவுண்டு இதற்கு உதவியது. தந்தையின் விடுதிக்குப் பின்புறம் இருந்த பழைய குதிரை இலாயமே முதல் பட்டறை. சாப்மன் பகலில் பிரிட்டிஷ் அலுமினியத்தில் வேலை பார்த்துவிட்டு மாலையிலும் இரவிலும் பட்டறையில் உழைத்தார். 1954 இல் ஹேசலை மணந்தார். இவர்களுக்கு இரு மகள்களும் ஒரு மகனும் பிறந்தனர்.

நிறுவனத்தின் முதல் வணிகப் படைப்பு மார்க் 6 ஆகும். பழைய கார்களின் அடிச்சட்டத்தை இதில் சாப்மன் கைவிட்டார். மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணங்களாகப் பற்றவைத்த குழாய்ச்சட்டம் ஒன்றை வடிவமைத்தார். முக்கோண அமைப்பில் ஒவ்வொரு குழாயும் இழுவிசையையோ அமுக்குவிசையையோ மட்டும் தாங்குவதால் மெல்லிய குழாயே போதுமானதாகிறது. இதன் வெறுஞ்சட்டம் ஏறத்தாழ 25 கிலோகிராம் எடையே இருந்தது.

மார்க் 6 முழுக் காராக விற்கப்படவில்லை. உறுப்புகளின் தொகுப்பாக விற்கப்பட்டது. வாங்குபவர் பழைய ஃபோர்டு காரிலிருந்து உந்துபொறியையும் அச்சுகளையும் எடுத்துத் தம் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். அக்காலப் பிரித்தானிய விற்பனை வரி முழுக் கார்களுக்கே விதிக்கப்பட்டதால், இம்முறையில் பெருந்தொகை மிச்சமானது. ஏறத்தாழ நூறு மார்க் 6 ஊர்திகள் இவ்வாறு விற்கப்பட்டன. வசதியில்லாத இளைஞரும் வீட்டில் கட்டிய ஊர்தியுடன் பந்தயத்தில் இறங்க இது வழி செய்தது.

நிறுவனம் 1959 இல் செசன்ட் நகருக்கும், 1966 இல் நார்ஃபோக் பகுதியில் உள்ள ஹெத்தல் என்னும் ஊருக்கும் மாறியது. ஹெத்தல் இரண்டாம் உலகப்போர்க் காலத்து வானூர்தித் தளமாகும். அதன் ஓடுபாதை, தானுந்துகளைச் சோதிக்கும் தடமாக மாற்றப்பட்டது.

எடைக் குறைப்புக் கோட்பாடு

திறன் மிகுந்த உந்துபொறி நேர்ப்பாதையில் பயன் தரும். எடை குறைந்த ஊர்தியோ நேர்ப்பாதை, ஏற்றம், வளைவு ஆகிய எல்லா இடங்களிலும் பயன் தரும். எடுத்துக்காட்டாக, 800 கிலோகிராம் எடையுள்ள ஊர்தியிலிருந்து 80 கிலோகிராமை நீக்கினால், உந்துபொறியைத் தொடாமலேயே ஒரு கிலோகிராமுக்குக் கிடைக்கும் திறன் ஏறத்தாழ 11 விழுக்காடு உயர்கிறது. பிரேக்கும் டயரும் குறைவாகத் தேய்கின்றன. எரிபொருளும் குறைவாகவே செலவாகிறது. குறைந்த எரிபொருளுக்குச் சிறிய தொட்டி போதும். சிறிய தொட்டிக்கு இலேசான சட்டம் போதும். இவ்வாறு ஒரு குறைப்பு மற்றொன்றுக்கு வழி செய்கிறது. சிறு எடைகளும் சேர்ந்தால் அச்சை முறிக்கும் என்பது குறள் படித்தோர் அறிந்ததே. சாப்மன் அதே கணக்கை மறுபுறமிருந்து போட்டார் எனலாம்.

சாலைக் காரைப் பந்தயத்துக்கு மாற்றுவோர் எடைக் குறைப்பை உட்புறத்திலிருந்தே தொடங்குவது வழக்கம். பின்னிருக்கைகள், தரை விரிப்பு, ஒலியை அடக்கத் தரையில் ஒட்டப்பட்ட தார்த் தகடுகள், வெப்பமூட்டி, கூரை உறை, கதவின் உள் உறை ஆகியவை முதலில் நீக்கப்படும். இவற்றுக்குச் செலவு இல்லை. ஊர்தியின் வலுவும் குறைவதில்லை. அடுத்த நிலையில் கதவுக் கண்ணாடியும் அதை ஏற்றி இறக்கும் பொறியமைப்பும் நீக்கப்பட்டு இலேசான நெகிழித் தகடு பொருத்தப்படும். கண்ணாடி ஊர்தியின் மேற்பகுதியில் இருப்பதால் அதன் எடையைக் குறைப்பது ஈர்ப்பு மையத்தையும் தாழ்த்துகிறது. வளைவில் ஊர்தி சாய்வது குறைகிறது. மூன்றாம் நிலையில் கதவின் எஃகுத் தகடு அலுமினியமாகவோ கண்ணாடியிழையாகவோ மாற்றப்படும்.

இதற்கு மேல் செல்லும்போது கட்டமைப்பே பாதிக்கப்படுகிறது. கதவின் உட்சட்டமும் இக்காலக் கார்களில் கதவினுள் இருக்கும் குறுக்குத் தண்டும் பக்கவாட்டு மோதலில் ஓட்டுநரின் இடுப்பையும் நெஞ்சையும் காப்பவை. அவற்றை நீக்கினால் அவ்வேலையை வேறு ஏதேனும் ஒன்று செய்தாக வேண்டும். அதனாலேயே பந்தய விதிகள், கதவுக்குக் குறுக்கே செல்லும் குழாய்களைக் கொண்ட பாதுகாப்புக் கூண்டை வலியுறுத்துகின்றன. நீக்கிய எடையில் ஒரு பகுதி கூண்டாகத் திரும்பி வருகிறது. ஆயினும் அது தேவையான இடத்தில், தேவையான வேலைக்காக வருகிறது.

கதவுகளும் உட்புறமும்

சாப்மனின் சாலை ஊர்திகளில் இக்கோட்பாடு தெளிவாக வெளிப்பட்டது.

1957 இல் வெளிவந்த லோட்டஸ் செவன் ஊர்தியில் கதவுகளே இல்லை. ஓட்டுநர் பக்கச் சுவரைத் தாண்டி உள்ளே இறங்க வேண்டும். மழைக்குத் துணித் திரை ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். உட்புறத்தில் மெத்தை, திசைமாற்றி, சில அளவிகள் தவிர வேறொன்றும் இல்லை. பக்கத்தில் திறப்பு இல்லாததால் குழாய்ச்சட்டத்தை இடையில் வெட்டத் தேவையில்லை. அதனால் சட்டம் இலேசாகவும் விறைப்பாகவும் அமைந்தது. 1973 இல் இதன் உரிமையைக் கேட்டர்ஹாம் நிறுவனம் வாங்கியது.

அதே ஆண்டில் காட்சிக்கு வைக்கப்பட்ட லோட்டஸ் எலைட், கண்ணாடியிழையால் ஒரே கூடாகக் கட்டப்பட்ட கார் ஆகும். இதற்குத் தனி அடிச்சட்டம் இல்லை. மொத்த எடை ஏறத்தாழ 500 கிலோகிராம். கதவின் கீல்களைத் தாங்கக் கண்ணாடியிழை போதாது என்பதால், முன் கண்ணாடியைச் சுற்றி எஃகு வளையம் ஒன்று கூட்டினுள் பதிக்கப்பட்டு அதில் கீல்கள் பொருத்தப்பட்டன. காற்றுத் தடையைக் குறைப்பதற்காகக் கதவு வளைவாக அமைக்கப்பட்டதால் கண்ணாடியைக் கதவினுள் இறக்க இடமில்லாமல் போயிற்று. காற்று வேண்டுவோர் கண்ணாடியையே கழற்றி இருக்கைக்குப் பின்னுள்ள பையில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. உந்துபொறியின் ஒலியும் அதிர்வும் கூட்டின் வழியே உட்புறத்தில் பெருகிக் கேட்டன. எலைட் 1959 முதல் 1964 வரை லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் 6 முறை தன் பிரிவில் முதலிடம் பெற்றது. எனினும் தயாரிப்புச் செலவு மிகுந்ததால் நிறுவனத்துக்கு இழப்பே ஏற்பட்டது.

1962 இல் வெளிவந்த எலான் இப்பாடத்தின் விளைவு ஆகும். இதில் நடுவில் முதுகெலும்பு போன்ற எஃகு அடிச்சட்டமும் அதன்மேல் கண்ணாடியிழை உடற்கூடும் இருந்தன. தொடக்ககால எலான்களில் கதவுக் கண்ணாடிக்குச் சுழற்றும் கைப்பிடி இல்லை. ஓட்டுநரே கண்ணாடியைக் கையால் பிடித்து மேலும் கீழும் நகர்த்த வேண்டும்.

1963 இல் ஃபோர்டு நிறுவனத்துக்காக உருவாக்கப்பட்ட லோட்டஸ் கார்ட்டினா, சாதாரணக் குடும்பக் காரை இலேசாக்குவதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கதவுகள், முன்மூடி, பின்பெட்டி மூடி ஆகியவற்றின் எஃகுத் தகடுகளுக்குப் பதிலாக அலுமினியத் தகடுகள் பொருத்தப்பட்டன. பற்சக்கரப் பகுதிகளின் சில உறைகளும் இலேசான உலோகத்தால் செய்யப்பட்டன. ஜிம் கிளார்க் 1964 ஆம் ஆண்டின் பிரித்தானிய சாலூன் கார் வாகையர் பட்டத்தை இக்காரில் வென்றார். இக்காருக்கெனச் சாப்மன் அமைத்த பின்புறத் தொங்கல் அமைப்பு தொல்லை தந்தமையால் 1965 இல் அது சாதாரண வில்தகடுகளாக மாற்றப்பட்டது. அலுமினியத் தகடுகளும் அதற்குள் விருப்பத் தேர்வாகிவிட்டன.

பார்முலா 1

லோட்டஸ் அணி 1958 இல் மொனாக்கோவில் முதன்முறையாகப் பார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்றது. 1960 இல் ராப் வாக்கரின் தனியார் அணிக்காக லோட்டஸ் 18 ஊர்தியை ஓட்டிய ஸ்டர்லிங் மாஸ், அதே மொனாக்கோவில் லோட்டசுக்கு முதல் வெற்றியைத் தந்தார்.

1962 இல் வந்த லோட்டஸ் 25, பந்தயத் தானுந்து வரலாற்றில் திருப்புமுனையாகும். குழாய்ச்சட்டம் முற்றிலும் நீக்கப்பட்டு, அலுமினியத் தகட்டால் தொட்டி போன்ற ஒற்றைக்கூடு கட்டப்பட்டது. இது அக்காலக் குழாய்ச்சட்ட ஊர்தியான லோட்டஸ் 24 ஐ விட ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பாகவும், கூட்டின் எடை பாதியாகவும் இருந்தது. காற்றுத் தடையைக் குறைக்க ஓட்டுநர் ஏறக்குறைய படுத்த நிலையில் அமர்ந்தார். அவரது இரு பக்கமும் எரிபொருள் பைகள் இருந்தன. ஜிம் கிளார்க் 1963 இல் 10 பந்தயங்களில் 7 இல் வென்று உலக வாகையர் ஆனார். 1965 இல் மீண்டும் வாகையரானதுடன், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தையும் லோட்டஸ் 38 இல் வென்றார்.

1967 இல் லோட்டஸ் 49 அறிமுகமானது. இதில் உந்துபொறியே அடிச்சட்டத்தின் பின்பகுதியாகப் பயன்பட்டது. ஓட்டுநர் கூட்டின் பின்சுவரில் உந்துபொறி நேரடியாகப் பூட்டப்பட்டு, பின்சக்கரத் தொங்கல் அமைப்பின் சுமை உந்துபொறி வழியே சென்றது. இதனால் பின்புறச் சட்டம் முழுவதும் தேவையற்றதாயிற்று. கிளார்க் இதன் முதல் பந்தயத்திலேயே, நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட்டில் வென்றார். இன்றைய பார்முலா 1 ஊர்திகளும் இம்முறையையே பின்பற்றுகின்றன.

1970 இல் வந்த லோட்டஸ் 72 ஆப்பு வடிவம் கொண்டது. குளிர்விப்பான்கள் பக்கங்களுக்கு மாற்றப்பட்டன. சக்கரங்களில் இருந்த பிரேக்குகள் உட்புறத்துக்கு நகர்த்தப்பட்டு, சக்கரத்துடன் துள்ளும் எடை குறைக்கப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் லோட்டஸ் 78, 79 ஆகிய ஊர்திகள், அடிப்பகுதியில் பாயும் காற்றைக் கொண்டு ஊர்தியைத் தரையோடு அழுத்தும் முறையைக் கொண்டுவந்தன. எடையைக் கூட்டாமல் டயர்களின் பிடிப்பைக் கூட்டியதே இதன் சிறப்பு. 1978 இல் மாரியோ அன்ரெட்டி உலக வாகையர் ஆனார்.

1968 இல் புகையிலை நிறுவனம் ஒன்றின் வண்ணங்களைத் தம் ஊர்திகளுக்குப் பூசி, வணிக விளம்பர ஆதரவைப் பார்முலா 1 இல் பரவச் செய்தவரும் சாப்மனே.

விபத்துகளும் விமர்சனங்களும்

சாப்மனின் ஊர்திகள் வேகமானவை, ஆனால் உடையக்கூடியவை என்ற கருத்து ஓட்டுநர்களிடையே பரவலாக இருந்தது. 1960 இல் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயப் பயிற்சியின்போது ஸ்டர்லிங் மாசின் லோட்டசிலிருந்து பின்சக்கரம் கழன்றதால் அவர் படுகாயமுற்றார். அதே பயிற்சியில் மைக் டெய்லரின் லோட்டசில் திசைமாற்றித் தண்டு முறிந்தது. கிரகாம் ஹில், ஊர்திகளின் நம்பகமின்மையால் 1959 இறுதியில் லோட்டசை விட்டு விலகி, 1967 இல்தான் திரும்பினார்.

1968 ஏப்ரல் 7 அன்று செருமனியின் ஹாக்கன்ஹைமில் நடந்த பார்முலா 2 பந்தயத்தில் ஜிம் கிளார்க் உயிரிழந்தார். சாப்மனுக்குக் கிளார்க் ஓட்டுநர் மட்டுமல்லர், நெருங்கிய நண்பரும் ஆவார். அதே ஆண்டு மே மாதம் இண்டியானாபொலிசில் மைக் ஸ்பென்ஸ் லோட்டஸ் ஊர்தியில் இறந்தார்.

1969 இல் எசுப்பானியாவின் மோன்சுவிக் தடத்தில் கிரகாம் ஹில், யோகன் ரிண்ட் ஆகிய இருவரின் லோட்டஸ் ஊர்திகளிலும் உயரத்தில் பொருத்தப்பட்ட இறக்கைகள் ஒடிந்தன, ரிண்ட் காயமுற்றார். அடுத்த மொனாக்கோ பந்தயத்தின்போது உயர்ந்த இறக்கைகள் தடை செய்யப்பட்டன. வலுக்குறைந்த உறுப்புகளுக்குச் சில கிலோகிராம் எடை கூட்டுமாறு ரிண்ட் சாப்மனுக்குக் கடிதமும் எழுதினார். 1970 செப்டம்பர் 5 அன்று இத்தாலியின் மொன்சாவில், பயிற்சியின்போது லோட்டஸ் 72 தடுப்பில் மோதி ரிண்ட் இறந்தார். முன்புற பிரேக்கை உட்புறத்துடன் இணைத்த தண்டு முறிந்தது விபத்துக்குக் காரணமாகக் கருதப்பட்டது. தடத்தின் தடுப்பு சரியாக அமைக்கப்படாததும், ரிண்ட் இருக்கைப் பட்டைகள் அனைத்தையும் அணியாததும் உயிரிழப்புக்குக் காரணங்களாயின. அவ்வாண்டின் உலக வாகையர் பட்டம் அவருக்கே கிடைத்தது. இறந்தபின் அப்பட்டம் பெற்ற ஒரே ஓட்டுநர் இவரே.

1978 இல் ரோனி பீட்டர்சன் மொன்சாவில் பந்தயத் தொடக்கத்தில் நிகழ்ந்த பல ஊர்தி மோதலில் காயமுற்று மறுநாள் இறந்தார். பயிற்சியில் தம் லோட்டஸ் 79 சேதமுற்றதால் அவர் பழைய லோட்டஸ் 78 ஐ ஓட்ட நேர்ந்தது.

இவ்விபத்துகள் அனைத்துக்கும் ஊர்தியின் வலுக்குறைவே காரணம் எனல் பொருந்தாது. தடங்களின் பாதுகாப்பும் மருத்துவ ஏற்பாடுகளும் அக்காலத்தில் மிகக் குறைவு. பிற அணிகளின் ஓட்டுநர்களும் பலர் இறந்தனர். ஆயினும், ஓர் உறுப்பு எவ்வளவு மெல்லியதாகலாம் என்ற கேள்விக்கான விடையைப் பந்தயத் தடத்திலேயே கண்டறிவது சாப்மனின் வழக்கமாக இருந்தது என்றும், அக்கண்டறிதலின் விலையை ஓட்டுநர்கள் கொடுத்தனர் என்றும் விமர்சகர்கள் கருதுகின்றனர். பார்முலா 1 இல் 1961 முதல் குறைந்தபட்ச எடை வரம்பு நடைமுறையில் உள்ளது. அப்போது 450 கிலோகிராமாக இருந்த வரம்பு, 2025 இல் ஓட்டுநரையும் சேர்த்து 800 கிலோகிராமாக இருந்தது. இவ்வுயர்வில் ஒரு பகுதி ஓட்டுநரைக் காக்கும் அமைப்புகளுக்கு உரியது.

பிற்காலமும் இறப்பும்

1981 இல் இரட்டை அடிச்சட்டம் கொண்ட லோட்டஸ் 88 ஐ சாப்மன் உருவாக்கினார். ஓட்டுநர் கூடு கரிமயிழையும் கெவ்லாரும் கொண்டு செய்யப்பட்டது. பிற அணிகள் எதிர்த்ததால் இது பந்தயத்தில் ஓட அனுமதிக்கப்படவில்லை. 1982 ஆகத்து மாதம் ஆஸ்திரியாவில் எலியோ டி ஏஞ்சலிஸ் பெற்ற வெற்றியே சாப்மன் கண்ட கடைசி வெற்றி. வெற்றிக் கோட்டைத் தம் ஊர்தி கடக்கும்போது கருநிறத் தொப்பியை வானில் வீசுவது இவர் வழக்கம். அன்றும் அவ்வாறே செய்தார்.

வட அயர்லாந்தில் பிரித்தானிய அரசின் நிதியுதவியுடன் இயங்கிய டெலோரியன் கார் நிறுவனத்துக்கு லோட்டஸ் பொறியியல் பணி செய்தது. அந்நிறுவனம் 1982 இல் வீழ்ந்தபின், இப்பணிக்கென அளிக்கப்பட்ட தொகையில் பெரும்பகுதி வேறு வழியில் திருப்பப்பட்டது தெரியவந்தது. 1992 இல் லோட்டசின் நிதிப் பொறுப்பாளராக இருந்த பிரெட் புசெல் சிறைத்தண்டனை பெற்றார். சாப்மன் உயிருடன் இருந்திருந்தால் குறைந்தது பத்தாண்டுத் தண்டனை பெற்றிருப்பார் என நீதிபதி கருத்துத் தெரிவித்தார். சாப்மன் மீது வழக்கு நடைபெறவில்லை.

1982 டிசம்பர் 16 அன்று நார்ஃபோக்கில் உள்ள தம் இல்லத்தில் மாரடைப்பால் சாப்மன் காலமானார். அப்போது அவருக்கு வயது 54.

செங்கல்பட்டு வட்டாரமும் இலேசான ஊர்திகளும்

தமிழ்நாட்டின் தானுந்துப் பந்தய வரலாறு பெரும்பாலும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் அடங்கும். 1997 இல் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களாகப் பிரிக்கப்படும் வரை இம்மாவட்டம் வடக்கே பழவேற்காடு முதல் தெற்கே மாமல்லபுரத்துக்கு அப்பால் வரை கடற்கரையைக் கொண்டிருந்தது. சோழவரமும் இருங்காட்டுக்கோட்டையும் இதனுள் இருந்தவையே. இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019 இல் உருவாக்கப்பட்டது.

ஹெத்தலைப் போலவே சோழவரமும் இரண்டாம் உலகப்போர்க் காலத்து வானூர்தித் தளமாகும். 1953 இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1980களின் இறுதி வரை இங்குப் பந்தயங்களை நடத்தியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த அக்காலத்தில் ஃபியட், ஹெரால்ட், அம்பாசடர் போன்ற உள்நாட்டுக் கார்களையே பந்தயத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருந்தது. புதிய உந்துபொறி கிடைப்பது அரிது. இருக்கையையும் உள் உறைகளையும் கழற்றுவதற்கோ இறக்குமதி உரிமம் தேவையில்லை. பட்டறையில் இருந்த திருகு முடுக்கியே போதும்.

1990 இல் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான பந்தயத் தடம் திறக்கப்பட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவர்தன், மாருதி 800 காரின் 796 கன செ.மீ. உந்துபொறியைக் கொண்டு, குழாய்ச்சட்டத்தில் கட்டிய ஒற்றை இருக்கைப் பந்தய ஊர்தியை 1980களின் இறுதியில் உருவாக்கினார். பார்முலா மாருதி எனப்பட்ட இதற்குக் கதவும் இல்லை, கூரையும் இல்லை. எளிய உந்துபொறியும் இலேசான சட்டமும் கொண்டு குறைந்த செலவில் பந்தயம் என்ற வகையில் இது சாப்மனின் மார்க் 6 உடன் ஒப்பிடத்தக்கது. நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக் ஆகியோர் இவ்வகை ஊர்தியில் பந்தயம் ஓட்டிப் பின்னர் பார்முலா 1 வரை சென்றனர். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2011 ஆம் ஆண்டு செருமானிய கிராண்ட் பிரியில் லோட்டஸ் பெயர் தாங்கிய அணிக்காக ஓட்டினார். கரிவர்தன் 1995 இல் வானூர்தி விபத்தில் இறந்தார். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் 2003 இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

செங்கல்பட்டு மாவட்டம் காட்டாங்கொளத்தூரில் உள்ள எஸ்ஆர்எம் கல்வி நிறுவனம் போன்றவற்றில் பொறியியல் மாணவர்கள் தாங்களே பந்தய ஊர்திகளைக் கட்டி மாணவர் போட்டிகளில் பங்கேற்கின்றனர். இப்போட்டிகளில் வேகத்துடன், ஒவ்வோர் உறுப்பையும் ஏன் அவ்வாறு வடிவமைத்தனர் என்பதற்கான விளக்கமும் மதிப்பிடப்படுகிறது.

பந்தயத் தடத்துக்குரிய எடைக் குறைப்பைச் சாலையில் ஓடும் காரில் செய்வது வேறு. மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ பெருந்தெற்கு நெடுஞ்சாலையிலோ செல்லும் காரில் பாதுகாப்புக் கூண்டோ, பந்தய இருக்கைப் பட்டையோ, தடத்தருகே காத்திருக்கும் மருத்துவரோ இல்லை. அங்குக் கதவின் உட்சட்டம் பயணியின் முக்கியப் பக்கக் காப்புகளில் ஒன்று. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக ஊர்தியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு தடை செய்கிறது. ஒரகடத்தில் உள்ள தானுந்து ஆய்வு மையத்தில் கார்களை மோதவிட்டுப் பார்க்கும் சோதனைக்கூடம் இயங்குகிறது. சாப்மன் தடத்தில் தேடிய விடைகளை இன்று இத்தகைய கூடங்களில் உயிரிழப்பின்றிக் கண்டறிய முடிகிறது.

உலக வாகையர் பட்டங்கள்

சாப்மனின் தலைமையில் லோட்டஸ் ஊர்திகளில் ஓட்டுநர் பட்டம் வென்றோர்:

1963 – ஜிம் கிளார்க்
1965 – ஜிம் கிளார்க்
1968 – கிரகாம் ஹில்
1970 – யோகன் ரிண்ட்
1972 – எமர்சன் பிட்டிபால்டி
1978 – மாரியோ அன்ரெட்டி

கட்டமைப்பாளர் பட்டங்கள்: 1963, 1965, 1968, 1970, 1972, 1973, 1978.

சாப்மனுக்குப் பின்

சாப்மன் தொடங்கிய லோட்டஸ் பந்தய அணி 1994 ஆம் ஆண்டுப் பருவத்துடன் முடிவுக்கு வந்தது. சாலைக் கார் நிறுவனம் பல கைகள் மாறித் தொடர்கிறது. 1996 இல் அந்நிறுவனம் வெளியிட்ட எலைஸ் காரின் அடிச்சட்டம், அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்யப்பட்டது; அதன் எடை 68 கிலோகிராம் மட்டுமே. எலைஸ் 2021 வரை தயாரிக்கப்பட்டது. 2022 இல் அதே நிறுவனம் அறிமுகப்படுத்திய எலெட்ரே என்னும் மின்சாரக் கார் ஏறத்தாழ 2,500 கிலோகிராம் எடையுள்ளது. இது 1957 ஆம் ஆண்டின் எலைட் கார்கள் ஐந்தின் எடைக்குச் சமம்.

ஒற்றைக்கூடு, சுமை தாங்கும் உந்துபொறி, பக்கக் குளிர்விப்பான்கள், தரையழுத்த அமைப்பு எனச் சாப்மனின் அணி பார்முலா 1 இல் நிலைநிறுத்திய பல முறைகள் இன்றும் பந்தய ஊர்திகளில் பயன்படுகின்றன. வீட்டில் பந்தய ஊர்தி கட்டுவோர் ஓர் உறுப்பைக் கழற்றும் முன், அது இதுவரை தாங்கிவந்த விசையை இனி எது தாங்கும் எனக் கேட்க வேண்டும் என்பது இவரது வெற்றிகளிலிருந்தும் இழப்புகளிலிருந்தும் ஒருசேரக் கிடைக்கும் பாடமாகும்.